மதினி வீட்டுக்குத் தளம் போட்ட கதை

கான்கிரீட்டை உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். திண்டுக்கல் பைபாஸ் பக்கம் ஒரு சின்ன சோதனைக்கூடத்தில் வேலை. வேலை நடக்கும் இடங்களில் இருந்து கனசதுரமாக வார்த்த கட்டிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று தண்ணீர்த் தொட்டியில் இருந்து எடுத்து, துடைத்து, மெஷினில் வைத்து நசுக்குவேன். கட்டி உடையும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். டிப்ளமோ முடித்த நாளில் இருந்து இதே பிழைப்புதான்.

மேஸ்திரிகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எல்லாம் தண்ணீரால் வந்த பகை. கலவை கொஞ்சம் இறுகினால் போதும், நம் ஆட்கள் பக்கெட்டைத் தூக்கிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றினால் கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், கைவலி குறையும், பலமும் கூடவே ஓடிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வாய் வலித்த பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தேன். கத்தினால் கொஞ்சம் கேட்டார்கள். அதனால் கத்துவதே பழக்கமாகிவிட்டது.

என் கணவரின் அக்கா, ஊர் ஊராகப் போய்க் கான்கிரீட் போடும் கூலி ஆட்கள் செட்டில் சித்தாள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். செம்பட்டியில் ரோட்டை ஒட்டி வீடு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, தலையில் சட்டி சுமந்தே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். எங்கள் இருவருக்கும் சில வருடங்களாகப் பேச்சு அளவோடுதான். காரணம் நான்தான். சின்னாளபட்டிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குத் தளம் போடும்போது சோதனைக்கூடத்தின் சார்பில் போயிருந்தேன். அங்கே அரை பக்கெட் தண்ணீரைச் சேர்த்து ஊற்றியதைப் பார்த்துவிட்டு, கலவையையே வேண்டாம் என்று சொல்லி, செட்டையே திருப்பி அனுப்பவைத்தேன். பன்னிரண்டு பேர் அன்றைய கூலியை இழந்து வேனில் ஏறினார்கள். அதில் மதினியும் ஒருவர். அவர் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றது சரியில்லை.

ரோட்டை அகலப்படுத்தியபோது மதினியின் ஓட்டு வீட்டில் முன்பாதி போனது. வரிசையில் இருந்த மாடிக் கடைகளும் போயின. உடைத்த கான்கிரீட் எல்லாம் அவர் வீட்டு ஓரத்தில் மலையாகக் குவிந்துவிட்டது. அள்ளிக்கொண்டு போய்க் கண்மாய்க்கரையில் கொட்ட லாரிக்குச் சொல்லியிருந்தார்கள் கடைக்காரர்கள். மதினி அந்த லாரியை நிறுத்திவிட்டார். "நானே எடுத்துக்கிறேன்" என்று சொன்னாராம். எடுத்த எடுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை உர மூட்டைச் சாக்கு ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு எங்கள் சோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். செம்பட்டியில் இருந்து பஸ்ஸில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் அதை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கண்டக்டர் லக்கேஜ் போட்டதற்கு அவரோடு சண்டை வேறு. சாக்கைப் பிரித்தால் உள்ளே சுத்தியலால் உடைத்த கான்கிரீட் துண்டுகள், எல்லாம் முக்கால் அங்குல ஜல்லி அளவுக்கு. ஒவ்வொரு துண்டிலும் பழைய காரை திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, ஒம் மெஷினு என்னா சொல்லுதுன்னு பாத்துச் சொல்லு. நல்லா வந்தா இதப் போட்டுத்தான் வீடு கட்டப் போறேன்" என்றார்.

"மதினி, இது இடிச்சுப் போட்ட ரப்பீசு. ரோட்டுல குழிய மூடத்தான் ஆகும்."

"யாரு சொன்னா? அந்தக் கடைக்கெல்லாம் தளம் போட்டது எங்க செட்டுதான். நான் சொமந்த கலவைய எனக்குத் தெரியாதா?"

கணக்கை அவர் முன்பே போட்டு வைத்திருந்தார். அஸ்திவாரத்துக்கு அடியிலும் தரைக்கும் முழுக்க இந்த இடிசல், மேல்தளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கம்பி போடும் கான்கிரீட்டில் அதற்கு மேல் போகக் கூடாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. இப்படிச் செய்தால் கையில் இருப்பது கம்பிக்கும் சிமெண்டுக்கும் எட்டும், கான்கிரீட் தளம் வரும். எல்லா ஜல்லியையும் குவாரியில் வாங்கினால் சுவரோடு சரி, மேலே தகரம்தான்.

"ஊர்ல அம்புட்டுப் பேரு தலைக்கு மேலயும் நான் சொமந்த சட்டி இருக்கு" என்றார். "நான் மட்டும் தகரத்துக்கு அடியில கெடந்து வேகணுமா?"

 செய்து பார்க்கிறேன் என்றேன். வாசல்வரை போனவர் திரும்பி, "ஊறப் போட்டுத்தான கலப்ப?" என்று கேட்டார்.

"மதினி, இது லேப். எப்பிடிக் கலக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

அவர் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அன்றைக்கு மத்தியானமே கலந்தேன். ஆறு கட்டிக்கு வேண்டிய கலவை. எப்போதும் போடும் அளவுதான், ஜல்லியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மதினியின் இடிசல், காய்ந்தது காய்ந்தபடி. முதலில் நன்றாகத்தான் இருந்தது. முதல் அச்சை நிரப்பி முடிப்பதற்குள் கலவை இறுக ஆரம்பித்தது. இரண்டாவது அச்சில் கரண்டி சிக்கியது. பழைய காரை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? கலவையைக் கொட்டிவிட்டு, ஜல்லியை ஊறவைத்து மறுநாள் மறுபடி கலந்திருக்க வேண்டும். மணி நாலு. வெளியே இரண்டு பேர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். தொட்டி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மக் கிடந்தது. ஒரு மக் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். கலவை வழுவழுவென்று இளகியது. ஆறு அச்சும் அழகாக நிரம்பின. நோட்டில் வழக்கமான தண்ணீர் அளவை எழுதினேன். அந்த மக்கை எழுதவில்லை.

மறந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. ஒரு மக்தானே என்று நினைத்தேன். ஊரில் உள்ள ஒவ்வொரு மேஸ்திரியும் அதைத்தான் நினைக்கிறான்.

ஏழாம் நாள் மூன்று கட்டிகளை உடைத்தேன். முள் ஏறவே இல்லை, பாதி வழியிலேயே 'பொத்' என்று போனது. அன்று சாயங்காலமே போன் போட்டு, "மதினி, தேறாது. நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. அவர் எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "சரித்தா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது என் கணவர் சொன்னார்: "அக்கா தகரத்துக்குச் சொல்லிட்டாளாம். லாரிக்காரனையும் வரச் சொல்லிட்டா." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். பதினேழு வருடமாக மற்றவர்களின் கள்ளத்தனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள், நானே கலவையைக் கெடுத்துவிட்டு, கெட்டது ஜல்லி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தால் ஒரு பொம்பிளையின் வீடு தகரமாகப் போகிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் 'கூடுதலாக ஒரு மக் தண்ணீர் ஊற்றப்பட்டது, ஊற்றியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்கள் இன்ஜினியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்களா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை. லீவு சொல்லிவிட்டுச் செம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

மதினி ஒரு மாடி வீட்டில் வேலையில் இருந்தார். டீக்கு இறங்கும்வரை காத்திருந்தேன். முகமெல்லாம் சிமெண்டு, தலையில் சும்மாடு, கையில் வடை. என்னைக் கண்டதும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல மதினி. ஒங்க ஜல்லில தப்பில்ல. எறுகிப்போச்சுன்னு நான் தண்ணி ஊத்திட்டேன்."

"எம்புட்டு?"

"ஒரு மக்கு."

வடையைப் பேப்பரில் வைத்தார். "எழுதுனியா?"

"அன்னைக்கு எழுதல. இன்னைக்குத்தான் எழுதினேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு அரை பக்கெட்டு ஊத்துனதுக்குப் பன்னெண்டு பேரு சோத்துல மண்ணப் போட்ட. ஒம் மக்குக்கு யாருத்தா வந்து கத்துறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில், டீக்கடை பெஞ்சில், செட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க அழுதேன். மன்னிச்சுருங்க மதினி என்றேன். மண்டபத்து வேலைக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், அது அவருக்கும் தெரிந்தது. "அழுவாத, டீய மேல ஊத்திக்கிருவ" என்றார். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "ஏலே, இங்க வாங்கடா! லேப்புக்காரம்மாவும் தண்ணி ஊத்திருச்சாம்ல!" என்று செட்டையே கூப்பிட்டார். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு அந்தத் தெரு தாங்கவில்லை. மேஸ்திரி மட்டும் பெரிய மனிதராக, "விடுங்கம்மா, எறுகுனா யாருக்கும் கை சும்மா இருக்காது" என்று ஆறுதல் சொன்னார். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறைத்தது.

அப்போதுதான் மதினி ஊறவைப்பதைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் சொன்னார். மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிக்கும்போது, செங்கல் ஜல்லியை முதல் நாளே தண்ணீரில் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் அது சுண்ணாம்பின் ஈரத்தைக் குடித்துவிடும். "இதுவும் ஒட்டுன காரையோட செங்கல் மாதிரித்தான கெடக்கு? தாகத்தோட இருக்கிறத கலவைல போடலாமா?" என்றார். எங்கள் புத்தகத்தில் இதே விஷயம் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன்.

லாரியைத் திருப்பி அனுப்பினோம். தகரக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்ற மிக்சர் மெஷினை மேஸ்திரி தள்ளிக்கொண்டு வந்தார். அதில் சிமெண்டும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல், இடிசலை மட்டும் கொட்டிச் சுற்றவிட்டோம். துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, ஒட்டியிருந்த பழைய காரை உதிர்ந்தது. சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடுகள் எல்லாம் ஓடிவிட்டன. சல்லடையில் போட்டுத் தூளைக் கழித்தால், நீலக் கல் வெளியே தெரிந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாதிக்குப் பாதி நல்ல ஜல்லி உள்ளே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் டிரம்மில் ஊறப்போட்டு, காலையில் வடித்து, நிழலில் சாக்கில் பரப்பினோம். மேலே மினுங்கும் ஈரம் அடங்க வேண்டும், உள்ளே தாகம் இருக்கக் கூடாது. மொச்சையை ஊறவைத்து வடிப்பது மாதிரி மதினி கையால் புரட்டிப் புரட்டிப் பதம் பார்த்தார். ஒரு சாக்கை நான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியைப் போட்டு மூடிவைத்து, அன்றைக்கே கலந்தேன். இந்த முறை என் பங்குக்கு இரண்டு சாமான் சேர்த்தேன். ஒன்று, தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் கெமிக்கல். பாகு மாதிரிப் பழுப்பாக இருக்கும். இன்னொன்று, அனல்மின் நிலையத்துச் சாம்பல். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அதைப் போட்டேன்.

சாம்பல் என்றதும் மதினிக்குப் பிடிக்கவில்லை. "பாத்திரம் வெளக்குறதையா எந் தளத்துல போடப் போற?" என்று போனில் கேட்டார். சிமெண்டு இறுகும்போது உள்ளே கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாகும். சாம்பல் அதோடு சேர்ந்து நுண்ணிய துளைகளை அடைக்கும். பழைய இடிசலில் துளை அதிகம். அந்த வழியாக மழைத்தண்ணீர் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்காமல் சாம்பல் காக்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கத்தாமல் ஒரு விஷயத்தைக் கடைசிவரை சொல்லி முடித்து எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. "ஆனா மதினி, சாம்பலுக்கு அவசரம் கெடையாது. ஏழாம் நாள் கம்மியாத்தான் காட்டும். இருபத்தெட்டு நாள் பொறுக்கணும்."

அதே மாதிரி ஏழாம் நாள் எண் சுமாராகத்தான் வந்தது. உள்ளபடியே போனில் படித்துக் காட்டினேன்.  அவர், "பொறுக்கணும்னு சொன்னேல்ல, பொறுப்போம். நான் அஸ்திவாரத்தத் தோண்டச் சொல்லிட்டேன்" என்றார். என்னை நம்பி ஒருவர் குழி தோண்டுகிறார் என்பது அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு ஏறியது. அதற்கு மேல் எழுப்புவதா, தகரத்துக்கு ஏற்ற மாதிரி சரிப்பதா என்று கொத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் மதினி சுங்குடிச் சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். கட்டியைத் துடைத்து மெஷினில் வைத்தேன். "முள்ள நீங்க பாருங்க மதினி. இந்தக் கோட்டைத் தாண்டணும்" என்று காட்டிவிட்டு, நான் கைப்பிடியைத் திருகினேன். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. "ஏறுது... ஏறுது... கோட்டுக்கிட்ட வந்துருச்சு... ஏத்தா, தாண்டிருச்சு! இன்னும் போகுது!" என்று அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகுதான் 'பட்' என்று கட்டி உடைந்தது. மூன்றும் அப்படியே. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரிசல் பழைய ஜல்லியைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, அதையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது. பழையதும் புதியதும் பிடிவிடாமல் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். மதினி அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் வழக்கமில்லை.

தளம் போடும் அன்று வீட்டுக்குச் சொந்தக்காரர் எலுமிச்சம்பழம் வெட்டி, முதல் சட்டிக் கலவையைக் கொட்டிவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டும். மத்தியானம் செட்டுக்குப் பிரியாணி போட வேண்டும். அதுதான் முறை. மதினி முதல் சட்டியைக் கொட்டினார். "வீட்டுக்காரம்மா, சேர்ல ஒக்காருங்க" என்று அவருடைய செட்டு ஆட்களே கேலி செய்தார்கள். அவர் சேரை விட்டுவிட்டு, தண்ணீர் டிரம்மை மூடி, மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அளந்து ஊற்றும் வாளியைத் தவிர வேறு எதையும் பக்கத்தில் விடவில்லை. கலவை மெஷின்காரர் பழக்கதோஷத்தில் ஒருதடவை மக்கை நீட்டினார்.

"குடிக்கவா? குடிக்கன்னாச் சொல்லு, தாரேன்" என்றார் மதினி.

அவர் மக்கைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு என் தொண்டைக்கு வேலையே இல்லை. இரண்டு தட்டுப் பிரியாணி சாப்பிட்டேன்.

தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இருபத்தோரு நாள் காயவிடாமல் பார்த்துக்கொண்டார் மதினி. தளத்தைத் தாங்கிய முட்டும் பலகையும் பிரிக்கும் அன்று நானும் போயிருந்தேன். பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாம் முடிந்து, உள்ளே வரலாம் என்று சொன்ன பிறகும் மதினி வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றேன். மெதுவாக வந்து, நடுவில் நின்று, அண்ணாந்து பார்த்தார். பலகையின் ரேகை அப்படியே பதிந்த சாம்பல்நிறத் தளம். ஒரு மூலையில் மட்டும் தேன்கூடு மாதிரி கொஞ்சம் பொத்தல். "அந்த எடத்துல வைப்ரேட்டர சரியா விட்டுக் கலவைய அமுக்கல பய" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது.

"ஏத்தா, நான் இதப் பாத்ததே இல்ல."

எதை என்று கேட்டேன்.

"தளத்தோட அடிப்பக்கத்த. நாங்க வருவோம், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் போடுவோம், மெஷின வண்டில கட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவோம். பலக பிரிக்கையில நாங்க எங்கிட்டு இருக்கப் போறோம்? எத்தனையோ வீட்டுக்கு மேல நின்னுருக்கேன். கீழ இருந்து எப்பிடி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

 அவர் முந்தானையை உதறி, இடிசல் போட்ட அந்தத் தரையில் அப்படியே மல்லாந்து படுத்தார். "செத்த நேரம் கெடக்கேன்" என்றார். தளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். வெளியே ஆட்கள் பலகைகளில் இருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலுக்குப் போய், மதினி தூங்குவது தெரியவில்லையா, சத்தம் போடாதீர்கள் என்று அவர்களைப் பார்த்துக் கத்தினேன்.